பங்களா ஹாலுக்குள் எத்தனை லைன் அறை? குன்னூர் பக்கம் ஒருநாள் மரபுத் திறப்பு, யோசனை தேவை

மலைப்பாதை:
ஏப்ரல் 18 உலக மரபு நாள். அதை அடுத்து வரும் ஞாயிறு, குன்னூர்–கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை ஒரே ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். இன்னும் 7 வாரம் இருக்கிறது. கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மரத்தரை, தகரக் கூரை. ஹால் மட்டும் 30 அடிக்கு 20 அடி. கீழே தோட்டத்தின் சி.டி.சி. ஃபேக்டரி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் முறை), அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருக்க வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள், இரண்டு வரிசை. ஒரு வரிசையில் குடும்பங்கள் இருக்கின்றன, மற்றது பாதி காலி.

200 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பட்ஜெட் 40,000 ரூபாய்: பந்தல் 12,000, பூ அலங்காரம் 15,000, டீ பிஸ்கட் 8,000, போர்டு அச்சடிக்க 5,000. மரத்தரை தாங்குமா, கிழக்குச் சுவரில் உதிரும் பூச்சை அதற்குள் சரி செய்ய முடியுமா, ஃபேக்டரியை எந்த நேரத்தில் காட்டுவது என்பதெல்லாம் தெரிய வேண்டும். லைன் வீட்டைக் காட்டுவதா வேண்டாமா என்பதில்தான் குழுவுக்குள் சண்டை.

சுண்ணாம்புக்கை:
தரையை முதல்ல பார்த்துடுங்க. மேல இருந்து பார்த்தா பளபளன்னு மெழுகு போட்டு நல்லாத்தான் இருக்கும். கெட்டுப் போறது அடியில. மரத்தரையைத் தாங்குற குறுக்கு விட்டத்தோட முனை சுவருக்குள்ள போய் உட்காருது பாருங்க, அந்த ஒரு முழத்துலதான் ஈரம் ஏறும். தரைக்கடியில நுழைய வழி இருக்கும். டார்ச்சோட போய், ஒவ்வொரு விட்டத்தோட முனையிலயும் மெல்லிசான ஸ்குரூ டிரைவரால அழுத்திப் பாருங்க. அரை இஞ்சுக்கு மேல சுளுவா இறங்குச்சுன்னா மரம் உளுத்துப் போச்சு. அந்த இடத்துக்கு முட்டு கொடுக்காம ஆளை ஏத்தாதீங்க. முட்டுக்கு யூகலிப்டஸ் கம்பு போதும். ஆனா கம்பை மண்ணு மேல நேரா நிறுத்தாதீங்க, கீழ ஒரு பலகை போடுங்க, இல்லேன்னா மண்ணுக்குள்ள இறங்கிரும்.

உளுத்துப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் பூப்பாத்தி. அஸ்திவாரத்துல தரைமட்டத்துக்கு மேல காத்துப் போக சின்ன ஓட்டை வச்சுக் கட்டியிருப்பாங்க. அழகுக்காக அதுக்கு முன்னாடி பாத்தி கட்டி மண்ணைக் குவிச்சு அடைச்சிருப்பாங்க. இப்பவே மண்ணை வெட்டித் திறந்து விடுங்க. ஒரு தடவைக்கு 15 பேருக்கு மேல ஹாலுக்குள்ள வேண்டாம். அந்த 15 பேரும் கணப்படுப்பு முன்னாடி ஒரே இடத்துல கூடி நின்னாத்தான் தரை வளையும், அதனால விளக்கம் சொல்றவர் சுவரோரமா நடந்துக்கிட்டே பேசணும்.

இப்ப பூச்சு. கிழக்குச் சுவர்னா ஐப்பசி கார்த்திகை மழை நேரா அடிக்கிற பக்கம். யாரோ சிமென்ட் வச்சு ஒட்டுப் போட்டிருப்பாங்க, சரியா? சிமென்ட் ஈரத்தை வெளிய விடாது. உள்ள போன தண்ணி வெளியேற வழி தேடி ஒட்டுக்கு மேலயும் பக்கத்துலயும் இருக்கிற பழைய சுண்ணாம்பு வழியா வரும், வரும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டு வரும். உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி தூக்கிரும். மறுபடி சிமென்ட் வச்சா ஒட்டு இன்னும் ஒரு அடி பெருசாகும், அவ்வளவுதான்.

சரியான முறை: ஒட்டை உளியால தட்டி எடுக்கணும், டிரில்லிங் மிஷின் வேண்டாம், செங்கல் பிளந்துரும். சுத்தி ஒரு அடி நல்ல பூச்சையும் சேர்த்து எடுங்க. உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு உதிர்க்கணும், தண்ணி ஊத்திக் கழுவுனா உப்பு திரும்ப உள்ளயே போயிரும். அப்புறம் 3 வாரம் சுவரைக் காய விடணும். சுண்ணாம்பு விழுது தண்ணியில நீத்தி ஒரு மாசமாவது மூடி வச்சதா இருக்கணும். ஒரு பங்கு விழுதுக்கு 3 பங்கு சலிச்ச மணல், முதல் கோட் 12 மில்லிமீட்டருக்கு மேல தடிக்கக் கூடாது. வாரம் விட்டு ரெண்டாவது கோட். மேல நனைச்ச கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு 10 நாள் ஈரம் காக்கணும். கடைசியில தண்ணியா கரைச்ச வெள்ளை 4 அல்லது 5 தடவை. எமல்ஷன் பெயின்ட் தொடவே கூடாது. கூட்டிப் பாருங்க, 7 வாரம் பத்தாது. அவசரப்பட்டு ஈரச்சுவர் மேல பூசினா வர்ற டிசம்பர் உறைபனியிலயே கழண்டு விழும்.

என் யோசனை, பூசாதீங்க. தட்டி எடுத்த நிலையிலயே விடுங்க. செங்கல், முதல் கோட், ரெண்டாம் கோட், வெள்ளைன்னு படிப்படியா தெரியட்டும். வர்றவங்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பக்கத்துல ஒரு போர்டு வச்சா, பூசுற கொத்தனாருக்கு என்ன கூலி, சுண்ணாம்பு நீத்தி மண்ணு சலிச்சு தலையில சுமந்து தர்ற சித்தாளுக்கு என்ன கூலின்னு ரெண்டையும் எழுதுங்க. வேலையில பாதி சித்தாளோடது. கூலியில பாதி அவங்களுக்கு வராது.

டிரையர்:
ஃபேக்டரி பற்றி. ஞாயிற்றுக்கிழமை இலை எடுக்க மாட்டார்கள், சனிக்கிழமை இலைதான் ஓடும். சனி மாலை 5 மணிக்கு வாட்டும் தொட்டியில் பரப்பினால் 12 முதல் 16 மணி நேரம். ஆக ஞாயிறு காலை மிஷினில் ஏறி மதியத்துக்குள் முடிந்துவிடும். 8.30 முதல் 11.30 வரை ஃபேக்டரி, அதற்குப் பிறகு பங்களா என்று வழியைத் திருப்புங்கள். மதியம் 2 மணிக்குக் கூட்டிப் போனால் கழுவிவிட்ட தரையைத்தான் பார்ப்பார்கள்.

சி.டி.சி. ரோலர் இரண்டும் எதிரெதிராக ஓடும், ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது 700. அந்த வேக வித்தியாசம்தான் இலையைக் கிழித்துச் சுருட்டுகிறது. சேலைத் தலைப்பு, துப்பட்டா, பின்னாத கூந்தல் மூன்றுக்கும் அங்கே இடமில்லை. மிஷினிலிருந்து 1 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். பச்சைத் தூள் செம்பு நிறத்துக்கு மாறும் புளிக்கும் பகுதியில்தான் மக்கள் அதிக நேரம் நிற்பார்கள், வாசனைக்காக. அங்கே 5 நிமிடம் சேர்த்துக் கொடுங்கள். தரம் பிரிக்கும் அறைக்குள் சென்ட், தலைக்குத் தைலம், கொசு விரட்டி பூசியவர்களை விடாதீர்கள். காய்ந்த தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதம்தான், உறிஞ்சக் காத்திருக்கும்.

வெலிங்டன்வாசி:
பூச்சு, மிஷின் எல்லாம் சரி. லைன் வீடு வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்தவர் துணி காயும் கொடிக்கு நடுவே 200 பேர் செல்போனோடு நடப்பது மரபும் அல்ல, மரியாதையும் அல்ல. இன்னொன்று: இப்படிப்பட்ட பங்களாவைப் பராமரிக்க ஆகும் செலவைப் பணக்காரர்தான் செய்கிறார். மரக்கதவு, தகரக்கூரை, மழைநீர்க் குழாய் என்று வருடா வருடம் இறைக்கிறார். ஒருநாள் திறந்துவிட்டவரை கூப்பிட்டு வைத்துக் கூலிக் கணக்கு வாசிப்பது விருந்துக்குப் போய் இலையில் குறை சொல்வது போல.

செக்ரோல்:
முதல் பாதியோடு முழுச் சம்மதம். குடியிருக்கும் லைனுக்குள் கூட்டம் போகவே கூடாது. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. வீடு அவருடையது, சரித்திரம் அவர் ஒருவருடையது இல்லை.

நம் மலையில் மரபு போர்டு எல்லாம் ஒரே அச்சு. துரை பெயர், கட்டிய வருடம், தேக்கு எங்கிருந்து வந்தது. அந்தத் தேக்கை மேலே ஏற்றியவன் வரமாட்டான். 1870 முதல் ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர். மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில் அரண்மனை, ஜோத்பூர் மகாராஜாவுக்கு அரன்மோர், அதுதான் இன்றைய தமிழகம் விருந்தினர் மாளிகை. அதே காலத்து நடுவட்டத்தில் கொய்னா மருந்துக்கான சின்கோனா தோட்டத்தில் சீனக் கைதிகளை வேலை வாங்கினார்கள், சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இரண்டும் ஒரே மலை.

கூலிக் கணக்கை எப்படிக் காட்டுவது என்று சொல்கிறேன். கோஷம் வேண்டாம், கணக்கு போதும். குறைந்தபட்சக் கூலியோடு பஞ்சப்படி சேரும், அது ஏப்ரல் 1-ல் மாறும், ஆகவே போர்டு அச்சடிக்கும் முன் புது ஆணையைப் பார்த்து எண்ணைப் போடுங்கள். இங்கே கணக்குக்காக நாளுக்கு 450 என்று வைத்துக்கொள்கிறேன். பங்களா அறை ஒரு ராத்திரி வாடகை 15,000 என்றால் 33 நாள் கூலி. 35 வருடம் வேலை செய்து ஓய்வு பெறுபவருக்குப் பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம், 450 × 15 × 35 = 2,36,250. அதாவது அதே அறையில் 16 ராத்திரி. சட்டப்படி 30 நாளுக்குள் தர வேண்டிய பணம் இது. லைன் வீட்டைக் காலி செய்தால்தான் செட்டில்மென்ட் என்று இழுபடுவது எங்கெங்கே நடக்கிறது என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றைக் கிட்டத்தில் காட்டுங்கள்: தராசு. ஒருநாளில் மூன்று தடவை எடை போடுவார்கள். சாக்குக்கு, மழை ஈரத்துக்கு என்று கழிவு. ஒரு எடைக்கு ஒரு கிலோ கழித்தால் நாளுக்கு 3 கிலோ. நாளுக்கு 30 கிலோ பறிக்க வேண்டும் என்று அளவு வைத்த இடத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அந்த 3 கிலோவில்தான் சிலருக்கு முழுப்பேர் அரைப்பேர் ஆகும். ‘பேர்’ என்றால் ஒருநாள் கூலிக்குச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், விழும் பெயர். இலங்கை மலையகத்துச் சொல். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களோடு அந்தச் சொல்லும் இங்கே இறங்கியது, அவர்களுக்கு வேலை தரத்தான் அரசுத் தேயிலைத் தோட்டமே வந்தது. வாசலில் ஒரு தராசைத் தொங்கவிட்டு 15 கிலோ இலை நிரப்பிய சாக்கை வையுங்கள். வருகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரியிலிருந்து பங்களா வரை ஏறிவரட்டும். அதற்கு மேல் போர்டே வேண்டாம்.

பச்சைஇலை:
செக்ரோல் அண்ணே சொல்றது பெரிய தோட்டத்துக்கு. ஆனா இந்த மாவட்டத்துல இலை போடுறவன்ல பெரும்பாலானவன் ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் சிறு விவசாயி. பணக்காரத் துரை – ஏழைத் தொழிலாளின்னு ரெண்டே பேரை நிறுத்தினா எங்களை எங்க நிறுத்துவீங்க?

கணக்குப் பாருங்க. ஏலத்துல சராசரி கிலோ 100 ரூபாய்னு வைப்போம். தேயிலை வாரியப் பங்கீட்டுல 65 ரூபாய் விவசாயிக்கு, 35 ஃபேக்டரிக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலை வேணும். 65-ஐ நாலரையால வகுத்தா இலை கிலோ 14 ரூபாய் 44 காசு. கையால பறிச்சு ஒரு ஆளு 30 கிலோ எடுத்தா, 450 ரூபாய் கூலியில கிலோவுக்கு 15 ரூபாய் பறிப்புக்கே போச்சு. உரம், வண்டி வாடகை, கவாத்து எதுவும் இன்னும் வரவே இல்ல. அதனாலதான் எல்லாரும் இலை வெட்டுற கத்தரிக்கோலுக்கு மாறினாங்க. கத்தரியில 60 கிலோ வரும், ஆனா முத்தின இலையும் காம்பும் சேர்ந்து வரும், தரம் குறையும், தரம் குறைஞ்சா ஃபேக்டரி விலையைக் குறைக்கும். சுத்திச் சுத்தி அதே இடம்.

தூக்குற சாக்கு யோசனை நல்லாருக்கு. கூடவே ஒரு கத்தரியையும் வைங்க. வேலி வெட்டுற கத்தரி மாதிரிதான், இலை விழ ஒரு தட்டு பொருத்தியிருக்கும். 10 நிமிஷம் கையை நீட்டி வெட்டச் சொல்லுங்க, தோள்பட்டையே மீதியைப் பேசும்.

டிரையர்:
பச்சைஇலை சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பங்களாவில் டீ ருசி பார்க்க ஒரு கப் 50 ரூபாய் என்று விற்கும் வழக்கம் வந்திருக்கிறது. உடனே யாராவது 30 கிலோ இலை, 6.6 கிலோ தூள், கப்புக்கு 2.5 கிராம், 2,600 கப், ஒருநாள் பறிப்பில் 1,30,000 ரூபாய் என்று போர்டு எழுதிவிடப் போகிறார்கள். அது தப்புக் கணக்கு. அந்த விலைக்குப் போகும் டீ ஒரு மொட்டு ஓர் இலை என்று நுண்ணியதாகப் பறித்தது, அப்படிப் பறித்தால் நாளுக்கு 30 கிலோவில் கால்வாசி வந்தாலே பெரிது. விறகு, மின்சாரம், ஆள், கழிவு எல்லாம் அதில்தான். கால்வாசியிலும் 650 கப்புக்கு மேல் வரும், 450 ரூபாய்க்கும் 32,000 ரூபாய்க்கும் இடையே தூரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எண்ணைச் சரியாகப் போடுங்கள். ஒரு எண் தப்பினால் மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய் என்பார்.

மலைப்பாதை:
சாக்கு, தராசு, கத்தரி மூன்றும் வைக்கிறோம். உரிமையாளரிடம் பேசியதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, மேலாளருக்குத்தான் முகம் கறுத்தது. லைன் வீட்டுக்குள் போகவில்லை என்று முடிவு. ஆனால் அது எவ்வளவு பெரிய இடம் என்று எப்படிப் புரிய வைப்பது?

செக்ரோல்:
பழைய லைன் அறைகள் பலவும் 10-க்கு 12 அடி, அதில் ஒரு குடும்பம். உங்கள் லைனில் காலி அறை ஒன்றை டேப் வைத்து அளந்து சரியான எண்ணை எடுங்கள். பிறகு அந்த அறையை ஹாலின் தரையில் வரையுங்கள். 30-க்கு 20 ஹால் என்றால் 600 சதுர அடி, பரப்பில் 120 சதுர அடி அறை 5-க்குச் சமம். ஒன்றுக்குள் அடுப்பு, கட்டில், தண்ணீர்க் குடம், துணிக்கொடி எங்கே வரும் என்று கோட்டால் காட்டுங்கள். 15 பேர் கொண்ட குழுவை உள்ளே நிற்கச் சொல்லாதீர்கள், ஒரே ஒரு குடும்பத்தை, அப்பா அம்மா பிள்ளைகளை, நிற்கச் சொல்லுங்கள். யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்கை:
சாக்பீஸ் வேண்டாம்! மெழுகுத் தரையில கோடு நிக்காது, நின்னாலும் பலகை இடுக்குல தூள் இறங்கி வெள்ளையா உட்கார்ந்துரும். ஒட்டுற டேப் அதைவிட மோசம், உரிக்கும்போது மெழுகையும் பழைய பாலிஷையும் சேர்த்து உரிச்சிரும். ஒரு இஞ்சு பருத்தி நாடா வாங்குங்க. நாலு மூலைக்கும் மணல் போட்ட சின்னத் துணிப்பையை வச்சு இழுத்துக் கட்டுங்க. நடுவுல ரெண்டு இடத்துலயும் வச்சா கால் தடுக்காது. செருப்பை வெளிய விடச் சொல்லணும், ஆனா ஏப்ரல் மழை வந்தா ஈர சாக்ஸ் மெழுகுத் தரையில வழுக்கும். வாசல்ல சணல் மிதியடி நாலாவது போடுங்க.

வெலிங்டன்வாசி:
நாடா யோசனையை ஒத்துக்கொள்கிறேன். அதில் யார் மானமும் போகவில்லை. ஆனால் பக்கத்திலேயே பராமரிப்புச் செலவையும் எழுதுங்கள், கூரைக்கும் சுவருக்கும் வருடத்துக்கு எவ்வளவு என்று. ஒரு பக்கக் கணக்கு மட்டும் இருந்தால் அது பிரசாரம்.

செக்ரோல்:
எழுதலாம் சார். கூரைக்கு ஆகும் செலவையும் லைன் கூரைக்கு ஆகும் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவோம். வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிமேல் வைத்த கடமை. 50 பெண் தொழிலாளர் இருந்தால் பிள்ளைக் காப்பகம் என்பதும் அதில்தான் வந்தது. ஆக அதையும் ‘பராமரிப்பு’ தலைப்பிலேயே போடலாம், தப்பில்லை.

பச்சைஇலை:
சில்லறை விஷயம் ரெண்டு. காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 5-க்கு மேலயும் தேயிலைக்குள்ள ஆளை நடத்தாதீங்க, காட்டுமாடு இறங்குற நேரம். தனியா நிக்கிற கிடா ரொம்ப ஆபத்து, படம் எடுக்கப் போவாங்க. அப்புறம், கீழ இருந்து வர்றவங்களுக்கு இ-பாஸ் வேணும், சீசன்ல ஒருநாளைக்கு இத்தனை வண்டின்னு வரம்பும் வச்சாங்க, முன்கூட்டியே போடச் சொல்லுங்க. முடிஞ்சா குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரு வேன் விடுங்க. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, குடிதண்ணிக்கு எவர்சில்வர் டிரம், டம்ளர். டம்ளர் கழுவ ஆள் வேணும், அது யாருன்னும் இப்பவே முடிவு பண்ணுங்க.

செக்ரோல்:
அந்த டம்ளர் கழுவும் ஆளில்தான் உங்கள் பட்ஜெட் ஓட்டை. ஞாயிறு அவர்களுக்கு வார விடுமுறை. பங்களா தோட்டக்காரர், சமையல்காரர், வாட்ச்மேன், தராசு பிடிப்பவர், கத்தரி காட்டும் அக்கா எல்லாரையும் வரச் சொல்லப் போகிறீர்கள். விடுமுறை நாள் வேலைக்கு இரட்டைக் கூலி. 40,000-ல் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மலைப்பாதை:
உண்மைதான், விட்டுப் போனது. இப்போது எண்ணினேன். தோட்டக்காரர் 3, சமையலறை 4, ஃபேக்டரி 3, வாட்ச்மேன் 2, இலை பறித்துக் காட்ட 2. மொத்தம் 14 பேர். உங்கள் 450-ஐ வைத்தே 900 வீதம் 12,600. பூ அலங்காரத்துக்கு வைத்த 15,000-ல் அதை எடுக்கிறோம். மிச்சம் 2,400-ல் நாடாவும் மிதியடியும். பங்களாத் தோட்டத்தில் இருக்கிற பூவே போதும் என்று தோட்டக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கிறார், குழுவில் யாரும் காதில் வாங்கவில்லை.

செக்ரோல்:
அன்று சாயங்காலமே கையில் கொடுங்கள், திங்கட்கிழமை என்று சொல்ல வேண்டாம். கவரின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதாதீர்கள். ‘18 ஏப்ரலை ஒட்டிய ஞாயிறு, இரட்டைக் கூலி’ என்று எழுதி, செக்ரோலிலும் பேர் விழுந்ததா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.